காலி வண்டிக்கு ஒரு கணக்கு, சுமைக்கு ஒரு கணக்கு: சேற்றில் மண் சுமக்கும் பெல்ட் டம்பர்

ஏரி தூர்வாரும் இடத்தில் சற்று நேரம் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஹிட்டாச்சி என்றே நம் ஊரில் பெயர் பெற்றுவிட்ட அந்த மண் அள்ளும் இயந்திரம், 20 டன் எடையோடு ஏரிக்கு உள்ளே ஈரமண்ணில் நின்று வேலை பார்க்கும். அதில் பாதி எடையே உள்ள காலி டிப்பர் கரையை விட்டு இறங்காது. இறக்கினால் பின்சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி பறித்து, அச்சு வரை உட்கார்ந்துவிடும். அப்புறம் அதை இழுக்க அதே ஹிட்டாச்சிதான் வர வேண்டும்.

செயின், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை, மாட்டினால் நிற்கிறது, டயர் மாட்டினால் புதைகிறது; அப்படியானால் டிப்பருக்கும் செயினை மாட்டிவிடலாமே என்று தோன்றும். அப்படி ஒரு வண்டி உண்டு. ஜப்பானில் மொரோக்கா, கொமட்சு, யான்மார் போன்ற நிறுவனங்கள் பல ஆண்டுகளாகச் செய்துவருகின்றன. அங்கே சட்டப்படி அதற்குப் பெயர் 'சீரற்ற நிலத்தில் சுமக்கும் வண்டி'. ஒரு டன்னோ அதற்கு மேலோ சுமக்கும் வண்டியை ஓட்ட, தனியாகப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் அதை பெல்ட் டம்பர் என்று வைத்துக்கொள்வோம். டிப்பரின் அடியில் செயினை மாட்டினால் அது பெல்ட் டம்பர் ஆகிவிடாது. ஏன் என்பதுதான் விஷயம்.

## தரை அழுத்தம்

எடையைத் தரையில் படும் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தரை அழுத்தம். லாரி டயர் தரையை அழுத்தும் அளவு ஏறக்குறைய அதனுள் அடைத்த காற்றின் அழுத்தமே. சதுர சென்டிமீட்டருக்கு 7, 8 கிலோ. 20 டன் ஹிட்டாச்சிக்கு அது அரைக் கிலோவை ஒட்டித்தான் வரும். நடந்து போகும் மனிதன் ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் தரும் அழுத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவே.

மண் எவ்வளவு தாங்கும் என்று அளக்க, கூம்பு முனை கொண்ட ஒரு கம்பியை மண்ணுக்குள் அழுத்தி எதிர்ப்பைப் பார்ப்பார்கள். ஜப்பானிய சாலை மண்வேலை வழிகாட்டுதலில் அந்த எண்ணை வைத்தே எந்த வண்டி எங்கே ஓடலாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது. டிப்பர் ஓட வேண்டுமானால் கூம்பு எண் 1200 கிலோநியூட்டன்/சதுர மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். சாதாரண புல்டோசருக்கு 500 போதும். அகலப் பட்டை போட்ட சதுப்புநில புல்டோசருக்கு 300, அதிலும் அகலமானதற்கு 200. டிப்பரும் புல்டோசரும் ஒரே மண்ணில் வேலை செய்யவே முடியாத ஓர் இடைவெளி இதில் இருக்கிறது. புல்டோசர் தள்ளும், ஹிட்டாச்சி அள்ளும். அள்ளியதை எடுத்துப் போக எதுவும் உள்ளே வர முடியாது. பெல்ட் டம்பர் பிறந்தது அந்த இடைவெளியில்.

பட்டையின் வரலாற்றில் ஒரு முக்கியக் கட்டம் இப்படிப்பட்ட மண்ணில்தான் நடந்தது. கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் பக்கம் டெல்டா நிலம் மிக மிருது. நீராவி டிராக்டர்கள் புதைவதைத் தடுக்க பெஞ்சமின் ஹோல்ட் சக்கரங்களை அகலமாக்கிக்கொண்டே போனார். கடைசியில் வண்டியின் அகலம் 46 அடியைத் தொட்டது. பிறகு 1904 நவம்பரில் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பட்டை மாட்டிச் சோதித்தார். பரப்பை அகலத்தில் தேடாமல் நீளத்தில் தேடியதுதான் அதில் புதுமை.

## சராசரிக்குள் ஒளிந்திருப்பது

விற்பனைத் தாளில் அச்சிடப்படும் தரை அழுத்தம் வெறும் வகுத்தல் கணக்கு. பட்டை முழுவதும் ஒரே சீராக அழுத்துகிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் எடை இறங்குவது கீழ் ரோலர்கள், அதாவது பட்டைக்குள் வரிசையாக உருளும் சிறு சக்கரங்கள், வழியாக. ஒவ்வொரு ரோலருக்கும் நேர் அடியில் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். இரண்டு ரோலருக்கு நடுவில் பட்டை தளர்ந்து, அழுத்தம் குறையும். மண் உடைவது உச்சத்தில், சராசரியில் அல்ல. பிரிட்டனில் ராணுவ வண்டிகளை ஆய்வு செய்த ரோலண்ட் 1970களில் இந்த உச்சங்களின் சராசரியைத் தனி அளவாகவே முன்வைத்தார். பல வண்டிகளில் அது தாளில் உள்ள எண்ணைப் போல இரண்டு மூன்று மடங்கு.

ஹிட்டாச்சி நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பது. அதன் ரோலர்கள் நெருக்கமாக இருக்கும், இரும்பு ஷூக்கள் (செயினில் பொருத்திய தகடுகள்) எடையைப் பரப்பும். டம்பரோ நாள் முழுக்க ஓடுவது. அதற்கு வளைந்து கொடுக்கும் ரப்பர் பட்டை வேண்டியிருக்கிறது. வளைகிற பட்டையில் உச்சங்கள் இன்னும் கூர்மையாகும். அதனால் ரோலர்களின் எண்ணிக்கையைக் கூட்டி, இரண்டிரண்டாகச் சேர்த்து நடுவில் அச்சு கொடுத்து, தராசு போல ஆட விடுகிறார்கள். முன் ரோலர் கல்லில் ஏறினால் பின் ரோலர் இறங்கும்; இரண்டுமே தரையை விடாது. ரோலர்களைச் சட்டத்தில் இறுக்கமாகப் பொருத்தினால், கல்லில் ஏறும் கணத்தில் அந்தப் பக்கத்து எடையில் பெரும்பங்கு ஒற்றை ரோலர் மேல் விழும்.

## அதே சரிவு, இரண்டு விடைகள்

ஹிட்டாச்சிக்கு எடை எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். பக்கெட் நிறைய மண் இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. டம்பரின் எடை ஒவ்வொரு நடைக்கும் இரட்டிப்பாகிறது, பிறகு பாதியாகிறது. வடிவமைப்பின் தலைவலி முழுவதும் இங்கேதான்.

ஒரு மாதிரி வண்டியை எடுத்துக்கொள்வோம். சொந்த எடை 12 டன், சுமை 11 டன். பட்டையின் அகலம் 75 செ.மீ., தரையில் படும் நீளம் 3 மீட்டர். இரண்டு பட்டைக்கும் சேர்த்துப் பரப்பு 45,000 சதுர செ.மீ. காலியாக அழுத்தம் 0.27 கிலோ, சுமையோடு 0.51 கிலோ.

இப்போது இழுவை. மண் எவ்வளவு உந்துதலைத் தாங்கும் என்பது இரண்டு குணங்களைப் பொறுத்தது. ஒன்று, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் வலு. மற்றது, துகள்களுக்கு இடையே உள்ள உராய்வு. கிடைக்கும் உச்ச இழுவை என்பது பரப்பை ஒட்டுவலுவால் பெருக்கி, அதோடு எடையை உராய்வால் பெருக்கிச் சேர்த்தது. காய்ந்த மணலில் ஒட்டுவலு கிடையாது, உராய்வு மட்டும்தான். அதனால் சுமை ஏற ஏற இழுவையும் ஏறும். தண்ணீர் ஊறிய களிமண் நேர் எதிர். அங்கே உராய்வு வேலைக்கு வராது, ஒட்டுவலு மட்டும்தான். எடை எவ்வளவு ஏறினாலும் இழுவை ஒரு கிலோகூட ஏறாது.

ஒட்டுவலு சதுர செ.மீ.க்கு 0.2 கிலோ உள்ள மிருதுவான களிமண்ணில், 10 மீட்டருக்கு 3 மீட்டர் ஏறும் சரிவு என்று வைப்போம்.

1. வண்டிக்குக் கிடைக்கும் இழுவை: 45,000 × 0.2 = 9 டன். காலியானாலும் சுமையானாலும் இதேதான்.
2. காலி வண்டிக்குத் தேவை: சரிவுக்கு 3.45 டன், சேற்றில் உருள்வதற்கு எடையில் பத்தில் ஒரு பங்காக 1.2 டன். மொத்தம் 4.65 டன். சிரமமே இல்லை.
3. சுமை வண்டிக்குத் தேவை: சரிவுக்கு 6.6, உருள்வதற்கு 2.3. மொத்தம் 8.9 டன். நூலிழையில் ஏறும்.
4. ஆனால் இந்தக் களிமண் தாங்கக்கூடிய அழுத்தம் ஒட்டுவலுவைப் போல சுமார் 5 மடங்கு, அதாவது 1 கிலோ. சுமையோடு ரோலர் உச்சம் சராசரியின் இரு மடங்கு என்றாலும் 1.02. பட்டை மெல்ல இறங்கத் தொடங்கும்.
5. இறங்கிய பட்டை மண்ணைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். உருள்வதற்கான பங்கு பத்தில் ஒன்றிலிருந்து நூற்றுக்குப் பதினைந்தாக ஏறினால் தேவை 10 டன்னைத் தாண்டும். வண்டி நின்றுவிடும்.

காலியாக வெள்ளோட்டம் விட்டுப் பார்த்து 'நல்லாத்தானே ஏறுது' என்று முடிவு செய்கிறவர் பார்த்தது இரண்டாவது வரியை மட்டும். இன்னொன்றும் கவனிக்கலாம்: இந்தக் கணக்கில் எந்த இடத்திலும் எஞ்சினின் குதிரைத்திறன் வரவில்லை. திறனைக் கூட்டினால் பட்டை வேகமாகச் சுற்றும், மண் வேகமாகக் கிழியும், அவ்வளவுதான்.

இதே தடத்தில் இருபதாவது நடை போகும்போது நிலைமை இன்னும் மோசமாகும். சில களிமண்களைப் பிசைந்தால் வலு போய்விடும். டோக்கியோ சுற்றுவட்டாரத்தின் எரிமலைச் சாம்பல் மண், காண்டோ லோம், இதற்குப் பேர்போனது. வெட்டி எடுக்கும்போது நிமிர்ந்து நிற்கிற மண், வண்டி நாலு முறை மிதித்ததும் குழம்பாகிவிடும். முதல் நடை போனதை வைத்துப் பாதையை நம்ப முடியாது.

## அப்படியானால் பரப்பைக் கூட்டலாமே?

கூட்டலாம், இரண்டு சுவர்கள் வரை. முதலாவது, அகலம். இந்த வண்டி வேலையிடத்துக்குப் போவது லாரி முதுகில். ஜப்பானியச் சாலைகளில் அனுமதியின்றிப் போகக்கூடிய அகலம் 2.5 மீட்டர், இந்தியாவில் 2.6. அதைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் சிறப்பு அனுமதி. பெரிய டம்பர்கள் இந்தத் தொல்லையை ஏற்றுக்கொண்டுதான் அகலமாகின்றன.

இரண்டாவது, நீளம். பட்டை வண்டிக்கு ஸ்டியரிங் சக்கரம் திரும்புவதில்லை. ஒரு பக்கப் பட்டை முன்னே, மறுபக்கம் மெதுவாகவோ பின்னேயோ ஓடி வண்டியைத் திருப்பும். அப்போது பட்டையின் முன்முனையும் பின்முனையும் தரையில் பக்கவாட்டில் இழுபடும். பட்டை நீளமாக நீளமாக அந்த இழுபாடு கூடும். இரண்டு பட்டைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே தூரம் கூடினால் திருப்புவது எளிதாகும். ஆக முக்கியம் நீளத்துக்கும் இந்த இடைத்தூரத்துக்கும் உள்ள விகிதம். அது 2ஐத் தொட்டால், கிடைக்கிற இழுவை முழுவதும் திரும்புவதற்கே செலவாகிவிடும். சேறு கொஞ்சம் தடுத்தாலும் வண்டி திரும்பாது. நடைமுறையில் 1.7ஐ ஒட்டி நிறுத்திக்கொள்வார்கள். நம் மாதிரி வண்டியின் மொத்த அகலம் 2.7 மீட்டர் என்றால், இடைத்தூரம் 1.95, விகிதம் 1.54. நீளத்தை 4 மீட்டராக்கினால் 2.05. நேராகப் போக மட்டுமே அந்த வண்டி உதவும்.

அகலத்தைச் சாலை மறிக்கிறது, நீளத்தைத் திருப்பம் மறிக்கிறது. மிச்சம் இருப்பது சுமையைக் குறைப்பது, அல்லது வண்டியின் சொந்த எடையைக் குறைப்பது. அதனால்தான் இவ்வகை வண்டிகளில் சுமை பெரும்பாலும் வண்டியின் எடையையே ஒட்டி நிற்கிறது. சாலை டிப்பர் தன் எடையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் சுமப்பதோடு இதை ஒப்பிட்டு, 'இவ்வளவு பெரிய வண்டி, இவ்வளவுதான் தூக்குமா?' என்று கேட்பது நியாயமான கேள்வியல்ல.

## அரை மீட்டர் நகர்ந்தால்

அடுத்தது, எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. கட்டட அடித்தளம் போடும் பொறியாளர்களுக்கு 'நடு மூன்றில் ஒரு பங்கு' விதி தெரிந்திருக்கும். எடை மையம் தரைத்தொடர்பு நீளத்தில் ஆறில் ஒரு பங்கு நகர்ந்தால், ஒரு முனையில் அழுத்தம் சராசரியின் இரு மடங்காகும், மறுமுனையில் பூஜ்யமாகும். 3 மீட்டர் பட்டைக்கு அது வெறும் 50 செ.மீ. இந்த இரு மடங்கின் மேல் ரோலர் உச்சமும் ஏறி உட்காரும்.

எஞ்சினும் ஓட்டுநர் அறையும் முன்னால், தொட்டி பின்னால் இருக்கும் அமைப்பில், காலியாக எடை முன்னே சாய்ந்திருக்கும். சுமை ஏறினால் பின்னே வரும். நல்ல வடிவமைப்பு சுமையோடு இருக்கும்போது மையத்தை நடுவில் வைக்கும். காலியாக முன்னால் சாய்ந்து ஓடுவதைப் பொறுத்துக்கொள்ளும். நிலைமை முற்றுவது தொட்டியைத் தூக்கும்போது. மண் பின்பக்கம் சரிந்து, கொட்டி முடிவதற்குள் சில விநாடிகள் முழு எடையும் கடைசி ரோலர்கள் மேல் நிற்கும். கொட்டும் இடமோ பெரும்பாலும் புதுமண் மேட்டின் விளிம்பு. தொட்டியின் கீல் கடைசி ரோலருக்கு வெளியே பின்னால் தள்ளியிருந்தால் வண்டி முன்னங்கால் தூக்கும். கீலை உள்ளே இழுத்தால் கொட்டிய மண் பட்டை மேலேயே விழும். இதற்கு முழுத் தீர்வு கிடையாது, பேரம்தான்.

தொட்டியின் வடிவத்தில் பெரிய விஞ்ஞானம் இல்லை. ஈரக் களிமண் மூலைகளில் ஒட்டிக்கொள்ளும். அதனால் மூலைகளை உருட்டிவிடுவார்கள், தொட்டியை நன்றாகச் சாய்த்து உயர்த்துவார்கள். ஒட்டியது அப்படியே இருந்தால் அடுத்த நடையில் ஒரு டன் சும்மா போய்ச் சும்மா வரும். கொள்ளளவில் ஓர் எச்சரிக்கை மட்டும்: உலர்ந்த மண்ணுக்கு அளவாக இருக்கும் தொட்டி, தண்ணீர் ஊறிய வண்டலால் குவியலாக நிரம்பினால் எடை வரம்பைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும்.

## இரும்பா, ரப்பரா

டெல்டா விவசாயிகளுக்கு இந்த விவாதம் புதிதல்ல. நெல் அறுவடை இயந்திரத்தில் டயர் வண்டிக்கு ஒரு வாடகை, பெல்ட் வண்டிக்கு ஒரு வாடகை. வயல் ஈரமாக இருந்தால் கூடுதலாகக் கொடுத்தாவது பெல்ட் வண்டிக்குச் சொல்லி அனுப்புவார்கள். அந்த ரப்பர் பெல்ட் ஜப்பானிய நெல்வயல்களில் வளர்ந்த தொழில்நுட்பம். டம்பரில் ஓடுவதும் அதன் பெரிய அண்ணன்தான்.

உள்ளே நீளவாக்கில் எஃகுக் கம்பிகள். அவை இழுவிசையைத் தாங்கும். குறுக்கே பல வண்டிகளில் எஃகுக் கட்டைகள். அவை அகலம் முழுவதும் எடையைப் பரப்பும், பட்டையை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் பிடிக்க இடமும் கொடுக்கும். மேலே ரப்பர். இரும்புச் செயினில் நூற்றுக்கணக்கான ஊசிகளும் புஷ்களும் உரசிக்கொண்டே இருக்கும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் நாள் முழுக்க ஓட்டினால் சேற்றுமணல் அவற்றை அரைத்துத் தின்றுவிடும். ரப்பரில் அந்த மூட்டுகளே இல்லை. தார்ச்சாலையைக் குறுக்கே கடந்தாலும் கீறாது.

கூரிய பாறைத் துண்டுகள் ரப்பருக்கு ஆகாது. ஒரு வெட்டு கம்பி வரை போனால் தண்ணீர் உள்ளே இறங்கித் துரு பிடிக்கும். பிறகு ஒரு நாள் பட்டை மொத்தமாக அறும். இரும்பில் போல ஒரு கண்ணியை மட்டும் மாற்ற முடியாது. பட்டைக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் சேறு அடைத்துக்கொண்டால் பட்டை தானாகவே இறுகும். தளர்வாக விட்டால் சரிவில் திரும்பும்போது கழன்று விழும். கிரீஸ் அடைத்து முன்சக்கரத்தைத் தள்ளும் சிலிண்டரால் இறுக்கத்தைச் சரிசெய்வது அன்றாட வேலை. இதைத் தள்ளிப்போடும் இடங்களில்தான் பட்டைகள் சீக்கிரம் சாகின்றன.

## மேல்பாதி சுழன்றால்

திரும்பும்போதுதான் பட்டையும் தரையும் அதிகம் நாசமாகின்றன. குறுகலான பாதையில் ஒவ்வொரு நடைக்கும் இருமுறை வண்டியைத் திருப்பினால், திரும்பிய இடம் குழம்பாகும். ஹிட்டாச்சியிடமிருந்து ஒரு யோசனையைக் கடன் வாங்கினார்கள்: தொட்டியும் ஓட்டுநர் அறையும் சேர்ந்த மேல்பாதி ஒரு வளையத்தின் மேல் சுழலட்டும், பட்டை நேராகவே நிற்கட்டும். கொமட்சுவின் 11 டன் சிடி110ஆர் இந்த வகை. மேலே சுழற்றிக்கொண்டால் வண்டியைத் திருப்பாமலே, முகம் முன்னோக்கியபடி வந்த தடத்திலேயே திரும்பிப் போகலாம். பக்கவாட்டிலும் கொட்டலாம். அதற்கு விலையும் உண்டு. சுழல் வளையத்தால் எடையும் உயரமும் கூடும். பக்கவாட்டில் தூக்கிக் கொட்டும்போது வண்டியை நிறுத்துவது பட்டையின் 3 மீட்டர் நீளம் அல்ல, குறுகிய அகலம். சரிவில் நின்று அப்படிக் கொட்டுவது கவிழ்வதற்கான நேர் வழி.

## எவ்வளவு தூரம் வரை?

ஒரு நடைக்கு அள்ளவும் கொட்டவும் 4 நிமிடம். போக மணிக்கு 8 கி.மீ., வர 10 கி.மீ. 200 மீட்டர் தூரத்துக்கு நடை ஒன்று 7 நிமிடத்துக்குள் முடியும். மணிக்கு 9 நடை வரை ஓட்டலாம். 2 கிலோமீட்டராக்கினால் 31 நிமிடம். மணிக்கு 2 நடை கூட முழுதாக வராது. ஆகவே இந்த வண்டி சேற்றிலிருந்து கெட்டித் தரை வரை மட்டும். அங்கே மண்ணைக் குவித்தால் மிச்சத்தை டிப்பர் பார்த்துக்கொள்ளும். தூரம் அதிகமென்றால், ஒரு முறை செலவு செய்து கிராவல் பாதை போட்டு டிப்பரை உள்ளே கொண்டுவருவது பல நேரங்களில் மலிவு.

## ஓட்டுநர் இறங்கிவிட்டால்

1991 ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்ஸென் எரிமலையிலிருந்து பாய்ந்த வெப்பச் சாம்பல் பெருக்கில் 43 பேர் மாண்டார்கள். அடிவாரத்தில் குவிந்த கற்களையும் மண்ணையும் அகற்ற வேண்டும், ஆனால் ஆளை உள்ளே அனுப்ப முடியாது. 100 மீட்டருக்கு மேல் தொலைவிலிருந்து இயக்கும்படி, 2 முதல் 3 மீட்டர் பாறைகளை உடைக்கும்படி ஒரு தொழில்நுட்பத்தை அரசு கேட்டது. ஆளில்லாத மண்வேலை அங்கே ஒரு துறையாகவே வளர்ந்தது. 2011 ஏப்ரலில் ஃபுகுஷிமா அணு உலை வளாகத்தில் கதிர்வீச்சுள்ள இடிபாடுகளை அள்ள அந்த அனுபவம் கைகொடுத்தது. தொலைவிலிருந்து இயக்கிய அள்ளும் இயந்திரங்களோடு பட்டை டம்பர்களும் ஓடின.

இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு நாம் மேலே போட்ட கணக்கு எதுவும் தேவைப்படாது. எஞ்சின் சத்தம் கனமாவது, இடுப்புக்கு அடியில் வண்டி ஒரு பக்கம் மெல்ல அமிழ்வது, பட்டை வழுக்குவது எல்லாம் உடம்புக்கே தெரிந்துவிடும். உடனே சுமையைக் குறைத்துக் கேட்பார், தடத்தை மாற்றுவார். கேமரா திரையின் முன் இருப்பவருக்கு அந்த உணர்வு வராது. திரையில் தரை தட்டையாகத் தெரியும், சரிவு கண்ணை ஏமாற்றும். ஆகவே ஆளில்லா டம்பரில் சாய்வைக் காட்டும் கருவியும், வெளியே நின்று பக்கவாட்டிலிருந்து பார்க்கும் இன்னொரு கேமராவும் அலங்காரமல்ல. புதையத் தொடங்கியதைத் தாமதமாகக் கண்டுபிடித்தால், அந்த வண்டியை இழுத்துவர அங்கே வேறொரு ஆளை அனுப்ப முடியாது.